ஆல்கோவை எண்பத்தேழில் ஒரு பங்காக்க: வாசகர் கேள்விகள்

அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்திடமிருந்து 1962-ல் வந்து, 1964 முதல் வாரணாசியிலேயே கட்டப்பட்டது இந்திய ரயில்வேயின் டபிள்யூடிஎம்-2. 2,600 குதிரைத்திறன், 16 சிலிண்டர், ஆறு அச்சு. ஈரோடு, பொன்மலை ஷெட்களின் பெயரைத் தாங்கி ஓடிய இந்த டீசல் எஞ்சினை எச்ஓ அளவில், அதாவது 87-ல் ஒரு பங்காகச் செய்வது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: டபிள்யூடிஎம்-2 மாடல் கிடைக்கவில்லை. அமெரிக்க ஆல்கோ மாடல் ஒன்றை வாங்கி மாற்றலாமா? எது நெருக்கமானது? – சேலம் வாசகர்

பதில்: சேஸிஸுக்காக (மோட்டாரும் சக்கரமும் உள்ள அடிச்சட்டம்) வாங்குங்கள், பாடியை (மேற்கூடு) மறந்துவிடுங்கள். ஹூட் (எஞ்சினை மூடும் கூடு) உயரம், கேப் (ஓட்டுநர் அறை) இருக்கும் இடம், ரேடியேட்டர் பகுதி எல்லாமே வேறு. அந்த பாடியை வெட்டி ஒட்டிச் சரிசெய்யும் உழைப்பில் புதிதாகவே ஒன்று செய்துவிடலாம்.

சேஸிஸில் முதலில் பார்க்க வேண்டியது போகி, அதாவது அச்சுகளைத் தாங்கித் திரும்பும் சக்கரச் சட்டம். டபிள்யூடிஎம்-2-ன் டிரைமவுன்ட் போகியில் மூன்று அச்சுகளும் சம இடைவெளியில் இருக்காது. ஓர் இடைவெளி 1,702 மி.மீ., மற்றது 2,108 மி.மீ., மொத்தம் 3,810. மாடலில் இவை 19.6, 24.2, 43.8 மி.மீ. சம இடைவெளி போகி உள்ள சேஸிஸின் மேல் எவ்வளவு நேர்த்தியான பாடியை வைத்தாலும், ஷெட்டில் வேலை பார்த்தவர் ஒரே பார்வையில் பிடித்துவிடுவார்.

அட்லஸ் நிறுவனத்தின் ஆர்எஸ்டி-4/5 மாடலில் டிரைமவுன்ட் போகி இருக்கிறது. அதன் அசல் எஞ்சினும் சுமார் 17 மீட்டர் நீளம்தான். நம்முடையது பஃபருக்குப் பஃபர் (முனைகளில் இடி தாங்கும் பாகம்) 17.12 மீட்டர், மாடலில் 196.8 மி.மீ. பவுசர் நிறுவனத்தின் சி-628 மாடலிலும் அதே குடும்பத்துப் போகிதான், ஓட்டமும் அருமை. ஆனால் அசல் 21 மீட்டருக்கு மேல். நாற்பத்து ஐந்து மி.மீ. அளவுக்கு வார்ப்பு சேஸிஸை வெட்டிச் சுருக்கி, டிரைவ் ஷாஃப்ட்டையும் குட்டையாக்க வேண்டும். மில்லிங் மெஷினும் அதில் கைப்பழக்கமும் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

எதை வாங்கினாலும் இரண்டு போகிகளின் மையங்களுக்கு இடையிலான தூரத்தை வெர்னியர் கொண்டு அளந்து, வரைபடத்தோடு ஒப்பிட்ட பிறகே பாடி வேலையைத் தொடங்குங்கள். ஒரு மி.மீ. வித்தியாசத்தை எரிபொருள் டேங்க் ஓரத்தில் மறைக்கலாம். மூன்று மி.மீ. என்றால் படிக்கட்டும் போகியும் முட்டும்.

சக்கரம் அடுத்த விஷயம். டபிள்யூடிஎம்-2 சக்கரம் 1,092 மி.மீ., மாடலில் 12.55. அமெரிக்க உள்நாட்டு ஆல்கோக்களுக்கு 40 அங்குலம், மாடலில் 11.7 மட்டுமே. போகிப் பக்கச் சட்டத்தை நீங்களே புதிதாக அச்சிடுகிறீர்கள் என்றால் 12.5 மி.மீ. சக்கரம் போடுவது பலன் தரும். பழைய சட்டத்தையே வைத்துக்கொள்வதானால் மாற்றாதீர்கள். பிரேக் கட்டைக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருக்கும் இடுக்கு போய், திருப்பத்தில் உரசும்.

போகியைக் கழற்றி மாட்டும்போது திசை மாறிவிடுவது அடிக்கடி நடக்கிறது. கழற்றுவதற்கு முன்பே எந்த முனை எந்தப் பக்கம் என்று பெயின்ட் புள்ளி வைத்துவிடுங்கள்.

கேள்வி: அமெரிக்க சேஸிஸில் கப்ளர் (பெட்டிகளைக் கோக்கும் கொக்கி) மிகவும் தாழ்வாக இருப்பதுபோல் தெரிகிறது. என் கண் கோளாறா? – கோவை வாசகர்

பதில்: கண் சரியாகத்தான் இருக்கிறது. நம் அகலப்பாதையில் பஃபரின் மையமும் நடுக் கப்ளரின் மையமும் தண்டவாளத்துக்கு மேல் அதிகபட்சம் 1,105 மி.மீ. உயரத்தில் இருக்கும். மாடலில் அது 12.7 மி.மீ. அமெரிக்காவில் இந்த உயரம் 34.5 அங்குலம்தான், எச்ஓ கப்ளரின் மையமும் அதற்கேற்ப 9.9 மி.மீ.-ல் அமைகிறது. வித்தியாசம் 2.8 மி.மீ.

அதனால் சேஸிஸோடு வந்த கப்ளர் பெட்டியை அறுத்து எடுத்துவிட்டு, புது பஃபர் பீமின் (பஃபர்களைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) பின்னால் 1.5 மி.மீ. ஸ்டைரீன் பிளாஸ்டிக் தட்டு கொடுத்து, அதில் புதுப் பெட்டியைத் திருகுங்கள். ஒட்டினால் போதாது; 12 ரயில் பெட்டிகளை இழுக்கும்போது பிய்ந்து வரும். கப்ளர் தலை பெரிதாகத் தெரிய வேண்டாம் என்றால் கேடி நிறுவனத்தின் 158-ஆம் எண் கப்ளரைப் போடலாம், பழைய 5-ஆம் எண்ணைவிட அது அசல் அளவுக்கு நெருக்கம். ரயில் பெட்டிகளின் கப்ளரையும் இதே உயரத்துக்கு ஏற்றியாக வேண்டும் என்பது சொல்லாமலே புரியும். அது வேண்டாம் என்பவர்கள் எஞ்சின் கப்ளரைத் தாழ்வாகவே விட்டு, பஃபரை மட்டும் சரியான உயரத்தில் வைக்கிறார்கள். அலமாரியில் நிற்கும் எஞ்சினுக்கு அது ஒப்பாது, ஓட்டுகிறவர்களுக்கு நியாயமான சமரசம்.

பஃபரைப் பற்றி இன்னொன்று. ஐரோப்பிய மாடல் உதிரிபாகமாகக் கிடைக்கும் பஃபர் பீமை அப்படியே ஒட்டாதீர்கள். அங்கே இரண்டு பஃபர்களின் மைய இடைவெளி 1,750 மி.மீ. இங்கே 1,956. மாடலில் 20.1-க்குப் பதில் 22.5 மி.மீ. வர வேண்டும். பஃபரை மட்டும் வாங்கி, பீமை நீங்களே வெட்டுங்கள்.

கேள்வி: ரெசின் 3டி பிரின்டில் பாடி செய்து வாங்கினேன். ஒரே மாதத்தில் லாங் ஹூட்டின் பக்கச் சுவர் உள்வாங்கிவிட்டது. பெயின்ட்டும் ஓரிடத்தில் பிசுபிசுக்கிறது. – மதுரை வாசகர்

பதில்: இரண்டும் வேறு வேறு நோய்.

பிசுபிசுப்பு, கழுவாமல் விட்ட ரெசினால் வருவது. ஹூட்டின் உள்மூலை, கேப் கூரையின் அடி, கைப்பிடித் துளைகள் ஆகிய இடங்களில் திரவ ரெசின் தங்கிவிடும். மேல்பக்கம் கெட்டியானதும் உள்ளே மாட்டிக்கொண்டது மெல்லக் கசிந்து பெயின்ட்டைத் தூக்கும். சில சமயம் சுவரே விரிசல் விடும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் இரண்டு முறை, இரண்டாவது முறை புதிய ஆல்கஹாலில், மென்மையான பிரஷால் உள்பக்கம் தேய்த்துக் கழுவ வேண்டும். முழுக்கக் காய்ந்த பிறகே புறஊதா விளக்கில் வைக்க வேண்டும். விளக்கு உள்பக்கத்துக்கும் எட்ட வேண்டும். பாடியைக் குப்புற வைத்து வெளிப்பக்கம் மட்டும் காட்டி எடுக்கிற கடைகள் உண்டு, கேட்டு வாங்குங்கள். அளவுக்கு மீறிக் காட்டினால் ரெசின் நொறுங்கத் தொடங்கும். அதையும் சொல்லிவைக்க வேண்டும். உங்கள் பாடியில் பிசுபிசுக்கும் இடத்துப் பெயின்ட்டைச் சுரண்டி, ஆல்கஹாலால் துடைத்து, மறுபடி விளக்கில் காட்டி, பிறகு பிரைமர் அடியுங்கள். கெட்டியாகாத ரெசின் தோலில் பட்டால் சிலருக்கு ஒவ்வாமை வரும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

சுவர் உள்வாங்குவது வடிவமைப்புக் குறை. லாங் ஹூட் நீளமான, அடி திறந்த பெட்டி. சுவர் 1 மி.மீ.-க்கும் குறைவாக இருந்து குறுக்குச் சட்டமும் இல்லாவிட்டால் வளைந்தே தீரும். 1.2 மி.மீ. சுவர், அடியில் ஒவ்வொரு 40 மி.மீ.-க்கும் ஒரு குறுக்குக் கம்பி என்று கோப்பிலேயே வைத்து, சேஸிஸில் பொருத்தும் நாள் வரை அந்தக் கம்பிகளை வெட்டாமல் விடுங்கள். இப்போது வளைந்திருப்பதைச் சரிசெய்ய: 60 முதல் 70 டிகிரி வெந்நீரில் ஒரு நிமிடம் முக்கி, உள்ளே 2 மி.மீ. ஸ்டைரீன் தட்டைச் சரியான அகலத்துக்கு வெட்டிச் செருகி, அப்படியே ஆறவிடுங்கள். தட்டை அங்கேயே ஒட்டிவிடலாம். ரெசினை மெக் போன்ற ஸ்டைரீன் கரைப்பான் ஒட்டாது. சூப்பர் க்ளூ அல்லது எபாக்சிதான்.

அடுத்த பாடி செய்யும்போது கவனிக்க: கைப்பிடித் துளைகளைக் கோப்பிலேயே 0.5 மி.மீ. என்று வையுங்கள். அதற்குக் கீழே போனால் அச்சில் அடைத்துக்கொள்ளும். பிறகு துளையிடப் போனால் ஓரம் சிதறும். ரேடியேட்டர் ஷட்டரையும் மேலே இருக்கும் ஃபேன் கிரில்லையும் அச்சில் சேர்க்காமல் திறப்பாக விட்டு, அமிலத்தில் அரித்த 0.2 மி.மீ. பித்தளை வலையைப் பொருத்துங்கள். திடமாக அச்சிட்ட கிரில் எந்தப் பெயின்ட்டிலும் கிரில்லாகத் தெரியாது.

கேள்வி: சூப்பர் க்ளூ போட்டு ஜன்னல் ஒட்டினால் கண்ணாடி வெளுத்துவிடுகிறது. – தஞ்சாவூர் வாசகர்

பதில்: அந்தப் பசையின் ஆவி படிவதால் வருவது. ஜன்னலுக்கு வெள்ளை பிவிஏ பசை போதும், காய்ந்தால் தெளிவாகிவிடும். வெளுத்த கண்ணாடியைப் பாலிஷ் போட்டுக் காப்பாற்றுவதைவிடப் புதிதாக வெட்டுவது சீக்கிரம் முடியும்.

கேள்வி: ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது. ஒன்றில் ஒரே பெரிய ஹெட்லைட், இன்னொன்றில் இரட்டை. குழாய்களும் மாறுகின்றன. எதை நம்பிச் செய்வது? – ஈரோடு வாசகர்

பதில்: இதுதான் இந்த வேலையின் மையக் கேள்வி. "டபிள்யூடிஎம்-2" என்று பொதுவாக ஒன்றைச் செய்ய முடியாது. இரண்டாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்ட எஞ்சின் இது. முப்பது, நாற்பது வருடம் ஓடியவை ஏராளம். ஒவ்வொரு பெரிய பராமரிப்பிலும் ஏதாவது மாறும். ஆகவே ஓர் எண், ஒரு தேதி. அந்த எண்ணுள்ள எஞ்சினை அந்தக் காலத்தில் எடுத்த படம், முடிந்தால் இரண்டு பக்கமும் இரண்டு முனையும், கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் வேறு எண்ணைத் தேடுங்கள். பிடித்த எண்ணைவிடப் படம் உள்ள எண் மேல்.

பிறகு எல்லாம் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பிரேக்கிலிருந்து தொடங்கலாம். எஞ்சின் முதலில் வந்தது வாக்குவம் (வெற்றிட) பிரேக்கோடு. பஃபர் பீமில் தடித்த, வளையம் வளையமான வாக்குவம் ஹோஸ் தொங்கும். பின்னாளில் ஏர் பிரேக்கும் சேர்ந்து இரட்டை பிரேக் ஆனவற்றுக்கு டபிள்யூடிஎம்-2ஏ என்று பெயர். அவற்றில் வாக்குவம் ஹோஸோடு, மெல்லிய பிரேக் பைப், ஃபீட் பைப் ஹோஸ்களும் இருக்கும். அவற்றின் நிறக்குறி பிரேக் பைப்புக்குப் பச்சை, ஃபீட் பைப்புக்கு வெள்ளை. ஆகவே 1970-களின் எண்ணும் நிறமும் போட்டு, பீமில் பச்சையும் வெள்ளையும் தொங்கவிட்டால் கதை கந்தலாகிவிடும்.

வாக்குவம் ஹோஸுக்கு கிட்டாரின் தடித்த சுற்றுக்கம்பி, சுமார் 0.8 மி.மீ., மிகப் பொருத்தம். சுற்றே வளையங்களாகத் தெரியும். சூடுகாட்டி இளக்கி வளையுங்கள். அப்படியே வளைத்தால் திமிறி நேராகும். ஏர் ஹோஸுக்கு வழவழப்பான 0.5 மி.மீ. கம்பி.

ஹெட்லைட்டும் அதே விதி. பழையவற்றில் ஒரே பெரிய வட்ட விளக்கு, பின்னாளில் இரட்டை பீம். இரண்டுக்கும் கூடு வேறு என்பதால் பாடி வரையும்போதே முடிவு செய்யுங்கள். கூரை மேலுள்ள அம்பர் ஃப்ளாஷர் விளக்கு, கண்ணாடிக்கு முன்னால் கல்லெறி தடுக்கும் கம்பி வலை, ஷார்ட் ஹூட்டில் டைனமிக் பிரேக்குக்கான (மோட்டார்களையே கொண்டு வேகம் குறைப்பது) காற்றுத் திறப்பு ஆகியவையும் இருக்கிற எஞ்சின் உண்டு, இல்லாத எஞ்சின் உண்டு. படத்தில் இருந்தால் செய்யுங்கள்.

எண்ணுக்குப் பின்னால் 'ஆர்' என்ற எழுத்து இருந்தால் அது பாட்டியாலாவில் மறுகட்டுமானம் செய்த எஞ்சின். பழைய எண்ணின் பழைய படத்தை வைத்துக்கொண்டு 'ஆர்' எழுத்தைச் சேர்க்க வேண்டாம். அதுபோல 3,100 குதிரைத்திறன் டபிள்யூடிஎம்-3ஏ வந்தது 1994-க்குப் பிறகுதான். தொடக்கத்தில் அதற்கு டபிள்யூடிஎம்-2சி என்று பெயர். எனவே 1990-களின் நடுப்பகுதியைச் செய்கிறவர் பக்கத்தில் என்ன வகை எழுதியிருக்கிறது என்பதையும் படத்தில் பார்த்தே போட வேண்டும்.

டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் முதல் டபிள்யூடிஎம்-2 ஆன 18040 நிற்கிறது. போகி, படிக்கட்டு, அடிப்பகுதிக் குழாய்களை நெருங்கிப் படமெடுக்க அதைவிட வசதியான இடம் கிடையாது. நிறத்துக்கும் சிறு உதிரிகளுக்கும் மட்டும் அதை ஆதாரமாக்காதீர்கள். அருங்காட்சியகப் பெயின்ட் ஓடும் எஞ்சினின் பெயின்ட் ஆகாது.

கேள்வி: வரைபடத்தில் இல்லாத பாகங்களின் அளவைப் படத்திலிருந்து எப்படி எடுப்பது? – திருச்சி வாசகர்

பதில்: தெரிந்த ஓர் அளவை வைத்து விகிதம் போடுங்கள். பலரும் சக்கரத்தை எடுப்பார்கள். சக்கரம் ஓடி ஓடித் தேயும், கடைந்தும் குறைப்பார்கள், அதனால் 1,092 என்பது புதுச் சக்கரத்துக்கு மட்டுமே. போகியின் முதல் அச்சு மையத்திலிருந்து மூன்றாவது அச்சு மையம் வரை 3,810 மி.மீ. என்பது மாறாது. அதை எடுங்கள். படத்தில் அது 762 புள்ளி என்றால் ஒரு புள்ளிக்கு 5 மி.மீ.

படம் நேர் பக்கவாட்டில், தூரத்திலிருந்து, ஜூம் செய்து எடுத்ததாக இருக்க வேண்டும். பிளாட்பாரத்தில் கைபேசியால் அருகில் நின்று எடுத்த படத்தில் அளவுகள் மாறிவிடும். போகி எஞ்சின் ஓரத்துக்கு வெளியே துருத்துவதில்லை என்பதால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நடைபாதையும் கைப்பிடியும் சற்றுப் பெரிதாகவும் வரும். ஒரே அளவை மூன்று படங்களில் எடுத்து, ஒத்துப்போவதை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கைப்பிடிக் கம்பி எவ்வளவு தடிமன்? எனக்கு ஒருபோதும் நேராக வருவதில்லை. – நெல்லை வாசகர்

பதில்: 0.4 மி.மீ. பித்தளை அல்லது பாஸ்பர் பிரான்ஸ் (ஒரு வெண்கலக் கலவை). பாஸ்பர் பிரான்ஸ் விறைப்பானது, கை பட்டாலும் வளையாது. 0.5-க்குப் போனால் ஊஞ்சல் கம்பி மாதிரி இருக்கும். சுருளாக வரும் கம்பியை நேராக்க, ஒரு முனையை வைஸில் பிடித்து மறுமுனையைக் குறடால் மெல்ல இழுங்கள். கம்பி லேசாக நீளுவதைக் கை உணரும், அங்கே நிறுத்துங்கள். தேய்த்து நேராக்க முயன்றால் அலைதான் வரும்.

நிற்கும் கம்பிகளின் இடைவெளியைப் படத்திலிருந்து எடுத்து, ஒரு மரத்துண்டில் 0.4 மி.மீ. துளைகள் போட்டு, அதில் நிறுத்தி, மேல் கம்பியை ஈயப்பற்று வையுங்கள். 25 வாட் இரும்பு, மெல்லிய 60/40 ஈயம், சந்துக்கு ஒரு துளி ஃப்ளக்ஸ். முழுத் தொகுதியாகச் செய்து பெயின்ட்டும் அடித்துவிட்டு, கடைசியில் பாடியில் செருகுங்கள். பித்தளையை வினிகரில் சில நிமிடம் ஊறவைத்துக் கழுவாமல் பிரைமர் அடித்தால் முதல் தடவை தொடும்போதே உரிந்துவிடும்.

கேள்வி: மழைக்காலத்தில் ஸ்ப்ரே அடித்தால் பெயின்ட் மேல் வெள்ளைப் படலம் படர்கிறது. டெக்கலின் (நனைத்து ஒட்டும் எழுத்துப் படலம்) விளிம்பும் பளபளவென்று தனியாகத் தெரிகிறது. – சென்னை வாசகர்

பதில்: லாக்கர் பெயின்ட்டின் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிகிறது. ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் இது தினசரி நடக்கும். கம்ப்ரஸருக்கும் ஏர்பிரஷுக்கும் நடுவே ஈரம் பிடிக்கும் வடிகட்டி அவசியம். மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரைக் கொஞ்சம் கலந்து, வெயில் ஏறிய பிறகு அடியுங்கள். ஏற்கெனவே படலம் வந்துவிட்டதா? ரிடார்டர் தின்னரை மட்டும் லேசாகத் தூவினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். 0.3 மி.மீ. முனை, 15–20 பிஎஸ்ஐ அழுத்தம், பத்துப் பதினைந்து செ.மீ. தூரம் என்று தொடங்குங்கள்.

வெளிர் பட்டையை முதலில் அடித்து, அதை டேப்பால் மூடி, பிறகு அடர் நிறம். டேப்பின் விளிம்பை முதலில் அடித்த அதே வெளிர் நிறத்தால் ஒரு மெல்லிய பூச்சு கொடுத்து அடைத்துவிட்டால் அடர் நிறம் உள்ளே கசியாது. ரெசின் பாடியில் கதவுக் கீல் மேலெல்லாம் டேப் சரியாக உட்காராது, பல்குச்சியால் அழுத்துங்கள்.

டெக்கல் வெள்ளியாய் மின்னக் காரணம், அடியில் மங்கலான பெயின்ட். அந்தச் சொரசொரப்பில் காற்று மாட்டிக்கொள்கிறது. முதலில் பளபளப்பு வார்னிஷ், அதன் மேல் டெக்கலைப் பிடிக்கவைக்கும் மைக்ரோ செட் தடவி டெக்கல், மேலே அதை இளக்கும் மைக்ரோ சால், காய்ந்ததும் மேட் வார்னிஷ். மைக்ரோ சால் போட்டதும் டெக்கல் சுருங்கும், பதறித் தொடாதீர்கள், தானே படிந்துகொள்ளும்.

வெள்ளை எழுத்தை வீட்டு பிரின்டரில் அடிக்க முடியாது, அதில் வெள்ளை மை கிடையாது. வெள்ளை டோனர் வைத்திருக்கும் கடையில் தெளிவான டெக்கல் தாளில் அடித்து வாங்குங்கள். எண்ணையும் ஷெட் பெயரையும் கணினி எழுத்துருவில் தட்டிவிட வேண்டாம். பல எஞ்சின்களில் அவை ஷெட் பெயின்டர் கையால் எழுதியவை. '2'-ன் வளைவும் '7'-ன் சாய்வும் ஆளுக்கு ஆள் மாறும். படத்தின் மேல் வைத்து வரைந்தெடுத்தால் மாடலுக்கு உயிர் வருவது அங்கேதான்.

கேள்வி: பழைய மாடல் ஒன்றின் சேஸிஸ். ஓடும்போது சீராக டக், டக் என்று குதிக்கிறது. – புதுச்சேரி வாசகர்

பதில்: அச்சின் நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் பற்சக்கரம் பிளந்திருக்கும். உலோக அரை அச்சுகளை இறுக்கிச் செருகிய பற்சக்கரம் வருடக்கணக்கில் அந்த இறுக்கத்தைத் தாங்காமல் வெடிக்கும். பிளந்த இடத்தில் இரண்டு பற்களுக்கு நடுவே இடைவெளி கூடுவதால், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு குதி. பசை போட்டு ஒட்டுவது ஒரு வாரம்கூடத் தாங்காது, புதுப் பற்சக்கரம்தான். மாட்டிய பிறகு இரண்டு சக்கரங்களின் உள்முகங்களுக்கு இடையே 14.4 மி.மீ. இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்தால் பாயிண்டில் (தண்டவாளம் பிரியும் இடம்) ஏறும்.

வார்ப்புச் சட்டம் வீங்கி மயிரிழை விரிசல்கள் ஓடியிருந்தால் அது துத்தநாகக் கலவையில் கலந்த மாசினால் வரும் சிதைவு. அதற்கு மருந்தில்லை. மோட்டாரைக் கழற்றிக்கொண்டு சட்டத்தைத் தூக்கிப்போடுங்கள்.

கேள்வி: டிசிசி சவுண்ட் டிகோடர் (டிஜிட்டல் கட்டளையை ஏற்று எஞ்சினை ஓட்டி, ஒலியும் எழுப்பும் சிறு சர்க்யூட்) போட வேண்டும். எந்தச் சத்தத்தைத் தேர்வது? ஹெட்லைட் கேப் முழுதும் ஒளிர்கிறதே? – திருப்பூர் வாசகர்

பதில்: சத்தத்துக்கு 16 சிலிண்டர் ஆல்கோ 251 கோப்பைத் தேடுங்கள். சி-628 அதே குடும்பத்து எஞ்சின், ஐடிலிங்கில் வரும் அந்தத் தடதடப்பு பொருந்தும். 12 சிலிண்டர் ஆல்கோ கோப்பைப் போட்டால் தாளம் தவறும். ஹாரன் மட்டும் அமெரிக்கச் சத்தமாக இருக்கும், இந்திய ஹாரன் பதிவை ஏற்ற முடியுமா என்று டிகோடர் விற்பவரிடம் கேளுங்கள்.

பொருத்துவதற்கு முன் மல்டிமீட்டரை வைத்து மோட்டாரின் இரண்டு பிரஷ்ஷும் சேஸிஸைத் தொடவில்லை என்று உறுதி செய்யுங்கள். பழைய சேஸிஸ்களில் ஒரு பிரஷ் சட்டத்தோடு சேர்ந்தே இருக்கும். அப்படியே இணைத்தால் டிகோடர் முதல் விநாடியில் புகைந்துவிடும். 11×15 மி.மீ. செவ்வக ஸ்பீக்கர் ஹூட்டுக்குள் அடங்கும். அதன் கூட்டில் ஊசிமுனை ஓட்டைகூட இருக்கக் கூடாது, இருந்தால் அடித்தொனி போய்விடும்.

ஒளி கசிவது ரெசின் ஒளியை ஊடுருவ விடுவதால். உள்பக்கம் முதலில் கறுப்பு, அதன் மேல் வெள்ளை. எல்இடி-க்கு 1 கிலோ ஓம் மின்தடை போட்டிருப்பீர்கள், அதில் வெளிச்சம் மிகை. 4.7 கிலோ ஓம் போடுங்கள். ஒற்றை விளக்குக் காலத்து எஞ்சின் என்றால் மஞ்சள் சாய்ந்த வெள்ளை எல்இடி.

கேள்வி: தண்டவாள அகலமே தப்புதானே? அதைச் சரிசெய்யாமல் துல்லியம் பேசலாமா? – நாகர்கோவில் வாசகர்

பதில்: நியாயமான குத்தல். 1,676 மி.மீ. அகலப்பாதை எச்ஓ-வில் 19.3 மி.மீ. வர வேண்டும்; நாம் ஓட்டுவது 16.5-ல். 2.8 மி.மீ. குறைவு, முன்னாலிருந்து பார்த்தால் எஞ்சின் இடுப்பு ஒடுங்கித் தெரியும். 19.3-க்குப் போவதானால் அச்சு, தண்டவாளம், பாயிண்ட் எல்லாவற்றையும் கையால் செய்ய வேண்டும். ஒரு டயோராமாவுக்கு (சிறு காட்சி மாடல்) செய்யலாம், வீடு சுற்றும் லேஅவுட்டுக்கு ஆயுள் போதாது.

மீட்டர் கேஜுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒய்டிஎம்-4-ஐ 87-ல் ஒரு பங்காகச் செய்து 12 மி.மீ. தண்டவாளத்தில் வைத்தால் அரை மி.மீ. மட்டுமே வித்தியாசம். எழும்பூரிலிருந்து தெற்கே ஓடிய மீட்டர் கேஜ் ரயில்களை இழுத்த எஞ்சின் அது. அகல விஷயத்தில் மனம் ஒப்பாதவர்கள் அந்தப் பக்கம் வரலாம்.

கேள்வி: அழுக்கு ஏற்றுவதில் எங்கே நிறுத்துவது? – கரூர் வாசகர்

பதில்: படம் எங்கே நிறுத்துகிறதோ அங்கே. புகைபோக்கியைச் சுற்றியும் ஹூட்டின் மேலும் கரி. அதற்குச் சுத்தக் கறுப்பு வேண்டாம், அடர் பழுப்பு கலந்த சாம்பல். போகியில் வார்ப்பிரும்புப் பிரேக் கட்டைத் தூள் படிந்த துருப்பழுப்பு. டேங்க் வாயிலிருந்து டீசல் வழிந்த இடம் மட்டும் பளபளப்பாக இருக்க வேண்டும். கேப் படிக்கட்டுக் கைப்பிடியில் பெயின்ட் தேய்ந்து உலோகம் தெரியும். எல்லா இடத்திலும் ஒரே சீராகப் பழுப்பைத் தூவுவதுதான் கெடுக்கிறது.

கேள்வி: கௌகேட்சர் (எஞ்சின் முன்னாலுள்ள தடை விலக்கி) பாயிண்டில் இடிக்கிறது. எந்த வளைவுக்கு ஓடும்? வேகம் எப்படி வைப்பது? – ஓசூர் வாசகர்

பதில்: கௌகேட்சரின் அடிக்கும் தண்டவாளத்துக்கும் 1.5 மி.மீ. விடுங்கள். இன்னும் இடித்தால் தண்டவாளம்தான் மேடு பள்ளம். 457 மி.மீ. ஆரத்தில் போகி திரும்பும்போது மணல் குழாயும் படிக்கட்டும் முட்டும், பஃபர்கள் எஸ் வளைவில் கோத்துக்கொள்ளும். 600-க்கு மேல் வைத்தால் நிம்மதி. வேகத்துக்கு ஒரு மீட்டர் தூரத்தைக் குறித்து நேரம் பாருங்கள். 120 கி.மீ. என்றால் அதைக் கடக்க 2.6 விநாடி. டிகோடரில் உச்ச வேகத்துக்கான 5-ஆம் சிவி-யை (அமைப்பு எண்) குறைத்துக்கொண்டே வந்து அந்த நேரம் கிடைக்கும்போது நிறுத்துங்கள். 3, 4-ஆம் சிவி-க்களைக் கூட்டினால் கனமான ரயிலுக்குரிய மெதுவான கிளம்பலும் நிறுத்தமும் வரும்.